கவுன்சிலர் வீட்டு வாசலில் யார்?

(கொட்டிவாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கவுன்சிலரும் சிபாரிசும் என்பதாகும். இதைக் கேட்டதும் ஏதோ ஒரு கவுன்சிலர்மீது குற்றப்பத்திரிகை வாசிக்கப் போகிறேன் என்று எண்ணிச் சிலர் முன்வரிசையில் இடம் பிடித்திருப்பதாகத் தெரிகிறது. அவர்கள் ஏமாறத்தான் வேண்டும். நான் ஆசாமியைப்பற்றிப் பேச வரவில்லை. ஏற்பாட்டைப்பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

கவுன்சிலரிடம் போய் ஒரு காரியம் கேட்பது குற்றமா? இல்லவே இல்லை. ஓட்டுப் போட்டவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? குப்பத்துப் பெண் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கிறாள். ஓட்டல்காரர் தம் கடைமுன் உள்ள நடைபாதையைப்பற்றிக் கேட்கிறார். கட்டடக் கம்பெனிக்காரர் தம் மனைப்பக்கம் ரோடு அகலமாக வேண்டும் என்கிறார். மூவரும் கேட்கலாம். ஆனால் அந்தப் பெண் கேட்டது ஊருக்கே தெரியும். ஏனென்றால் அவள் தெருவில் நின்று கேட்கிறாள். மற்ற இருவரும் எங்கே, எப்பொழுது, என்ன கேட்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

ஒரு சமயம் வேறோர் ஊரில் ஒரு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் மனுவுடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு பத்துப் பதினைந்து பேர். ஒரு மோட்டார் வந்து நின்றது. இறங்கியவர் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார். அரைமணி கழித்து வெற்றிலை மென்றுகொண்டு வெளியே வந்தார். அவர் யாரோ, என்ன பேசினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல காரியமாகவே இருந்திருக்கலாம். நல்ல காரியமானால் திண்ணையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தால் என்ன நஷ்டம்?

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். அங்கே ஒரு நிலம் விவசாய நிலமா, கட்டடம் கட்டும் நிலமா என்று வகை பிரிக்கும் அதிகாரம் உள்ளூர்க் கவுன்சிலர்களின் ஓட்டில் இருக்கிறது. புல் முளைக்கும் வயல் ஒரே ராத்திரி ஓட்டெடுப்பில் பொன் விளையும் மனையாகிவிடும். சும்மா விடுவார்களா? டப்ளின் நகரத்தின் மேற்கே குவாரிவேல் என்ற இடத்தில் பெரிய கடைவளாகம் கட்ட விரும்பியவர்களுக்காகவும், இன்னும் பல நிலக்காரர்களுக்காகவும், பிராங்க் டன்லப் என்பவர் கவுன்சிலர்களுக்குப் பணம் கொடுத்தார். இவர் முன்பு பிரதம மந்திரிகளுக்கே பத்திரிகைத் தொடர்புச் செயலாளராக இருந்த பெரிய மனிதர். 1997இல் சர்க்கார் அமைத்த விசாரணை மன்றத்தின் முன் உண்மை வெளிவந்தது. 2009இல் அவர் சிறைக்குப் போனார். மன்றத்தின் கடைசி அறிக்கை 2012இல்தான் வந்தது. பதினைந்து வருஷம்! கடைவளாகமோ 1998லேயே திறந்தாய்விட்டது.

அதன்பின் அந்நாட்டார் 2015இல் ஒரு சட்டம் செய்தார்கள். பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியானாலும், சம்பளத்திற்கு ஆள் வைத்துப் பேசும் சங்கமானாலும், கூலிக்குப் பேசும் தரகரானாலும், மந்திரியிடமோ கவுன்சிலரிடமோ பொதுக் காரியத்தைப்பற்றிப் பேசினால், யாரிடம், எதைப்பற்றி, என்ன உத்தேசத்தோடு பேசினோம் என்று வருஷத்துக்கு மூன்று தடவை பதிவேட்டில் எழுதவேண்டும். நில வகைமாற்றத்தைப்பற்றிப் பேசுகிறவனோ, தான் குடியிருக்கும் வீட்டு விஷயம் தவிர, தனி ஆளானாலும் எழுதவேண்டும். வர்த்தகர் சங்கமும் எழுதுகிறது, விவசாயிகள் சங்கமும் எழுதுகிறது. காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். இதனால் அங்கே லஞ்சம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் தேசத்தில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2013இல் பார்லிமெண்டில் தனி அங்கத்தினர் ஒருவர் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

"நம் கவுன்சிலருக்கு நிலத்தை வகை மாற்றும் அதிகாரமே இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கதை?" என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. சென்னையில் அந்த அதிகாரம் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. கவுன்சிலர் அதற்கு ஓட்டுப் போடுவதில்லை. நம் சங்கடமே இங்குதான். அயர்லாந்துக் கவுன்சிலர் கை தூக்கினால் கணக்கில் ஏறும். நம்மவருக்குக் கையெழுத்து இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. ஒரு டெலிபோன் இருக்கிறது. டெலிபோனில் சொன்ன சிபாரிசுக்குச் சாட்சி ஏது? பெண் கவுன்சிலராயிருந்தால் சில இடங்களில் அந்த டெலிபோனும் புருஷன் கையில்! பாதி ஸ்தானம் பெண்களுக்கென்று 2016இல் சட்டம் செய்தது புருஷனுக்கு உத்தியோகம் கொடுக்கவா?

இனி நம் ஊர்க் கதை. கொட்டிவாக்கம் 2011 வரை தனிப் பஞ்சாயத்து. கிராமசபை கூடும், எழுந்து கேட்கலாம், தீர்மானம் எழுதுவார்கள். சரியாக நடந்ததா என்பது வேறு சங்கதி. கேட்க ஓர் இடம் சட்டத்தில் இருந்தது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பட்டணவாசி ஆனோம், கிராமசபை போயிற்று. 2016இல் கவுன்சிலர்களின் காலமும் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை எலெக்ஷன் இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகளே ஆண்டார்கள். அந்தக் காலத்தில் மோட்டாரில் வந்தவர் அதிகாரியின் கதவைத் தட்டத் தெரிந்தவர். வலை பின்னுகிறவன் எந்தக் கதவைத் தட்டுவான்? 2022 நவம்பரில்தான் வார்டுகளில் பகுதி சபை என்று ஆரம்பித்தார்கள். பதினோரு வருஷம் கழித்து ஒரு திண்ணை திரும்பக் கிடைத்திருக்கிறது. அதற்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? கை தூக்குங்கள். ...எண்ணிவிட்டேன், எண்ணிக்கையைச் சொல்லி உங்களை வெட்கப்படுத்த விரும்பவில்லை.

ஆகவே, அடுத்த பகுதி சபையில் வைக்கவேண்டிய தீர்மானத்தை வாசிக்கிறேன். வார்டு ஆபீசில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கவேண்டும். கம்பெனி, காண்டிராக்டர், வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம் எதன் சார்பாக எவர் வந்து பேசினாலும் தேதி, பெயர், யாருக்காக, எதற்காக என்ற நான்கு பத்தியும் எழுதவேண்டும். அதைப் பகுதி சபையில் உரக்கப் படிக்கவேண்டும். தண்ணீருக்கும், ரேஷன் கார்டுக்கும், பிணம் புதைக்க இடத்துக்கும் வருகிறவர் பெயரை எழுதக்கூடாது; அது அவர் சொந்தக் கஷ்டம். நம் சங்கம் போனாலும் எழுதவேண்டும். இதில் நமக்கு விலக்குக் கிடையாது.

ஆட்சேபணை உள்ளவர்கள் இப்பொழுதே எழுந்து சொல்லலாம்.