ஈரச் சாலையும் ஓட்டுநர் பயிற்சியும்

பயிற்சியாசிரியர்களே! 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றோர். 2021 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெறும் பயிற்சி மையங்களில் சாலையைத் திரையில் காட்டும் சிமுலேட்டரும் ஓட்டுத் தடமும் இருத்தல் வேண்டும்; அங்கே தேறியோர்க்குப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுத் தேர்வு இல்லை. தாராளமான சலுகைதான்! மோட்டார் சைக்கிள் பயிற்சி விபத்தைக் குறைக்கின்றதா என 23 ஆய்வுகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வால் உறுதியாகக் கூற இயலவில்லை. சிமுலேட்டர் ஆபத்தை முன்னறியக் கண்ணைப் பழக்கும். தடம் பிரேக்கையும் திருப்பத்தையும் கைக்குப் பழக்கும். ஆயினும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஸ்ரீ விஜயபுரத்தின் சரிவுகளில் முன்சக்கரம் வழுக்கும் கணத்தை உலர்ந்த தடம் எவ்வாறு உணர்த்தும்? தடத்தை நீரால் நனைத்துப் பழக்குங்கள். இறுதி வகுப்பை மழைநாளில், குறைந்த வேகத்தில், நீங்கள் உடன்வர, ஊர்ச் சாலையிலேயே நடத்துங்கள்.