வார்த்திகனுக்குத் திறந்த கதவு

பயராபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து முகம் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அச்சகத் தம்பிகளே!

நோட்டீசில் 'தேச ஒற்றுமை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் இமயத்தில் ஏறித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு முழங்கால் வலி, அவ்வளவு உயரம் ஏற முடியாது. நம் திருத்தங்கலிலேயே தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரம் என்றால் பூம்புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று ஊரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நம் ஊரும் அதில் இருக்கிறது. மதுரை பற்றி எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வருகிறது. பாண்டியனுக்கு வக்கீலாக வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை காதையில் அது எடுத்து வைக்கும் வழக்குகளில் ஒன்று தங்காலில், அதாவது நம் திருத்தங்கலில் நடந்தது.

சோழநாட்டுப் பராசரன் சேர மன்னனைப் பார்த்துப் பரிசு பெற்றுத் திரும்புகிறான். வழியில் பாண்டிய நாட்டுத் தங்காலில் அரசமரத்து மன்றில் இளைப்பாறுகிறான். ஊர்ப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். 'என்னோடு சேர்ந்து பிழையில்லாமல் வேதம் சொல்கிறவனுக்கு இந்தப் பண்டப்பொதி' என்கிறான். வார்த்திகன் என்பவனின் மகன், பால்மணம் மாறாத குழந்தை, மழலை வாயால் சொல்லிவிடுகிறான். பராசரனும் சொன்னபடி நகைகளையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கவனியுங்கள். மூவேந்தரும் ஒருவர் கோட்டையை ஒருவர் இடித்துக்கொண்டிருந்த காலம். சேரன் கொடுத்த பொருள், சோழநாட்டான் கை, பாண்டிய நாட்டுப் பிள்ளையின் கழுத்து. அந்த மரத்தடியில் எல்லைக்கல் எதையும் காணோம்.

ஆனால் அரசு ஊழியர்கள் கண்ணில் பட்டுவிட்டது. இவ்வளவு நகை இவன் வீட்டுக்கு எப்படி வந்தது? புதையல் எடுத்திருப்பான். பிடி, உள்ளே போடு. வார்த்திகன் சிறைக்குப் போகிறான். அவன் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். அதைப் பார்த்துக் கொற்றவை தன் கோயில் கதவை அடைத்துக்கொள்கிறாள். யார் தள்ளியும் திறக்கவில்லை. அரசன் பதறுகிறான், என்ன தவறு நடந்தது என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்கிறான். தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்து, மண்ணில் விழுந்து வணங்குகிறான். அப்போது கதவு திறந்த ஓசை மதுரைத் தெருவெல்லாம் கேட்டதாம். அதோடு விடவில்லை, சிறையில் இருந்தவர்களை விடுதலை செய்தான். புதையல் இனிக் கண்டெடுத்தவருக்கே என்று சட்டத்தையும் மாற்றினான்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். வக்கீலாக வந்த தெய்வம், 'என் கட்சிக்காரர் தப்பே செய்யாதவர்' என்று வாதாடவில்லை. 'தப்புச் செய்தார், தெரிந்ததும் காலில் விழுந்து திருத்தினார்' என்று வாதாடியது. ஒரு நாட்டுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா என்பதுதான் இன்றைக்கு நான் கேட்க வந்த கேள்வி.

இன்னொரு கதவுக்கு வருகிறேன். கொஞ்சம் சங்கடமான கதவு. நம் பக்கத்தில், சிவகாசியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நாடார்கள் சிவன் கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டார்கள். கோயில் கதவு அடைபட்டது. 1899 ஜூன் 6-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தோடு ஊரைச் சூழ்ந்தார்கள். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. யார் யாரை என்று நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. உங்கள் பாட்டன்மார் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இதே உரிமை கேட்ட கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் அங்கேயும் கதவு திறக்கவில்லை.

சிவகாசிக்குச் சரியாக நாற்பது ஆண்டு கழித்து, 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் ஒரு சிறு குழுவை அழைத்துப் போனார். அதில் கக்கன் இருந்தார், தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர்கள் இருந்தார்கள், நம் விருதுநகர் நாடார் ஒருவரும் இருந்தார். கொற்றவை கோயிலில் தெய்வமே அடைத்த கதவு அரசன் மன்னிப்புக் கேட்டதும் திறந்தது. இங்கே மனிதன் அடைத்த கதவு. அதைத் திறக்க, அடைத்த பக்கத்திலிருந்தே ஒருவர் எழுந்து வர வேண்டியிருந்தது. இன்னொன்றையும் இந்த ஊரில் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும். தட்டித் தட்டி உள்ளே போன நாம், நமக்குப் பின்னால் வெளியே நின்றவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோமா? டீக்கடையில் தனித் தம்ளர் வைத்திருந்தது யார் கடை? கைதட்ட வேண்டாம், யோசித்தால் போதும்.

பிழைப்பின் கதைக்கு வருவோம். இது மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் அந்த வருடம் பொய்த்தது. 1923-இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வெடி வரத்து நின்றபோது பட்டாசும் இங்கே வேர்விட்டது. இன்று நாட்டில் விற்கும் பட்டாசில் பத்துக்கு ஒன்பது பங்கு இந்த வட்டாரத்துச் சரக்கு என்கிறார்கள். நாம் எல்லோருக்கும் பட்டாசு கொடுக்கிறோம் என்று பெருமை பேசுகிறோமே, அதற்கு முன் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொடுத்தது வங்காளம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டாமா?

நம் அச்சகங்களைப் போய்ப் பாருங்கள். ஒரே மிஷினில் காலையில் முருகன் காலண்டர், மத்தியானம் மெக்கா, சாயங்காலம் வேளாங்கண்ணி மாதா. தேவநாகரியில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாத அண்ணாச்சி, லேபிளில் மாத்திரைக் குறி ஒரு நூல் தள்ளி விழுந்தால் கண்டுபிடித்து மிஷினை நிறுத்துவார். இப்போது அந்த மிஷினுக்கு மறுபக்கம் பீகாரிலிருந்து வந்த தம்பி நிற்கிறான், அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே தாள் மட்டும் சரியாக ஓடுகிறது. அவனை 'ஏய், இந்திக்காரா' என்று கூப்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். கல்கத்தாவில் நம் இரண்டு பேரை அப்படிக் கூப்பிட்டு விரட்டியிருந்தால் இந்த மேடைக்கு மைக்செட் வாடகை கொடுக்க யாரிடம் காசு இருந்திருக்கும்?

தமிழன் என்பதும் இந்தியன் என்பதும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு விருதுநகர்ச் சங்கரலிங்கனாரைக் காட்டுவேன். காந்தியடிகள் வழியில் வந்த கதராடைக்காரர். 1956 ஜூலை 27-இல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோரிக்கைப் பட்டியலில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பதும் இருந்தது, இந்தியா முழுக்க மதுவிலக்கும் இருந்தது. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். அக்டோபர் 13-இல் உயிர் போனது. அப்போது முதலமைச்சர் அதே விருதுநகர்ப் பிள்ளை காமராசர். காமராசரை நான் கும்பிடுகிறவன். ஆனாலும் அந்தக் கதவை அவர் திறந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. வார்த்திகனைப்போல உயிரோடு இருந்து மன்னிப்பைப் பெறச் சங்கரலிங்கனாருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். விடிந்தால் பஸ் வந்துவிடும், தெரியும். உங்கள் விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

கதவைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பயராபீஸ் ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், சட்டம் அப்படி. ஓடுகிறவன் இழுத்துத் திறக்க நேரம் இருக்காது. உள்குத்தகைக்கு விட்ட இடங்களில் அந்த நாலு எட்டானதும், மரத்தடியில் வெடிமருந்து காய்ந்ததும் உங்களுக்குத் தெரியாததா? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது இறந்தவர்கள் நாற்பது பேருக்கு அருகில். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துச் சுற்று ஊர்களிலிருந்து ஓடிப்போனவர்கள். உள்ளே கிடப்பவன் என்ன சாதி, எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு ஓடவில்லை. அடுத்த வெடிப்பு அவர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

இதே நாட்டில், 2015-இல், தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்கள் தந்தைமார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும் என்றார்கள். 2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு இரண்டே மணி நேரம். ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்த பெண்கள் அடகுக் கடையில் நின்றார்கள். நம் ஊர் மேடைகளில் தில்லிக்காரனைத் திட்டித் தீர்த்தோம். தில்லித் தொலைக்காட்சிகளில் சிவகாசி என்றால் ஏதோ விஷக்கிடங்கு என்பதுபோலப் பேசினார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் சண்டைக்கு வரலாம். அந்த மூன்று குழந்தைகள் அழுததும் கார்த்திகை அழுததுதான். அதைக் கேட்டு நீதிமன்றம் எழுந்தது சரி. ஆனால் பாண்டியன் வார்த்திகனுக்கு இரண்டு ஊர் கொடுத்தான். சரம் பின்னிய கைக்கு எந்த ஊர் கிடைத்தது? காற்றைச் சுத்தம் செய்யும் செலவை, காற்றைச் சுவாசிக்கும் நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வேலை இழந்த மாதங்களுக்குக் கூலி, மாற்று மருந்துக்கு ஆராய்ச்சி, பாதுகாப்பான ரூமுக்குக் கடன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்கும் வாய், மரத்தடி மருந்தைப் பற்றியும் பேச வேண்டும். தில்லிக்குச் சட்டம், நமக்குச் சலுகை என்றால் எந்தக் கொற்றவை கேட்பாள்?

சங்க இலக்கியத்தில் தங்கால் பெயரோடு பொற்கொல்லர் ஒருவர் புலவராக வருகிறார், முடக்கொல்லனார் வருகிறார், ஆத்திரேயன் செங்கண்ணனார் வருகிறார். தட்டானும் கொல்லனும் அந்தணனும் ஒரே ஊர்ப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் துணிவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்.

நம் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். 2021-இல் திருத்தங்கலும் சிவகாசியும் ஒரே மாநகராட்சியாகிவிட்டதால் மனுவை எங்கே கொடுப்பது என்ற குழப்பம் இல்லை. இந்த வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி விபத்துகளில் இறந்தவர்கள் அத்தனை பேர் பெயரையும் பொறித்துப் பேருந்து நிலையத்தில் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். வேலை பார்த்தவர், காப்பாற்றப் போனவர், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்று பிரிக்காமல், சாதிப் பட்டம் போடாமல், அவரவர் தாய்மொழி எழுத்திலேயே. பிழை திருத்த நம்மிடம் லேபிள் அண்ணாச்சிகள் இருக்கிறார்கள். குடும்பத்தார் சம்மதத்தோடு பெயர் திரட்டும் வேலையை இந்தக் கூட்டத்தை நடத்தும் நம் மன்றமே எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலிப்பட்டியில் தொடங்கலாம்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களை முந்திக்கொண்டு, பின்னால் நிற்கும் அந்த அக்கா கையைத் தூக்கிவிட்டார். அவருக்கு மைக்கைக் கொடுங்கள்.