மண்வாசனையும் பெட்ரிகோரும்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற்காடுகளில் கோடை கழிந்து முதல் தூறல் விழும்போது எழுகிற மணத்தைத் தமிழர் மண்வாசனை என்பர். ஆங்கிலத்தில் கனிமவியலார் இதனைக் களிமண் நாற்றம் என்றே நெடுங்காலம் சுட்டி வந்தனர். 1964-இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரையொன்றில் ‘பெட்ரிகோர்’ என்னும் சொல்லைப் படைத்தனர். ‘பெட்ரா’ என்றால் கல். ‘இகோர்’ என்பது கிரேக்கத் தேவர்களின் உடலில் குருதிக்கு மாறாக ஓடும் நீர். ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல்லுக்கு இத்தனை கவித்துவம் வாய்ப்பது அரிது!

ஆனால் அச்சொல் மழையைக் குறிக்கவில்லை. வறண்ட நாள்களில் பாறையும் மண்ணும் தம்முள் சேர்த்துவைக்கும் எண்ணெய்ப் பொருளையே குறித்தது. காத்திருப்பு நீள நீள மணமும் மிகும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் சுட்ட களிமண்ணைக் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் இறக்கும் மிட்டி அத்தரும் இந்த மணமே. மண்ணின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளுக்கும் இதில் பங்குண்டு.

2015-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அதிவேகப் படக்கருவி கொண்டு வேறொன்றைக் கண்டனர். துளி மண்ணில் விழுகையில் அடியில் சிக்கும் காற்றுக் குமிழிகள் வெடித்து நுண்திவலைகளை மேலே வீசுகின்றன. இது சிறு தூறலிலும் மிதமழையிலுமே மிகுதி; பெருமழையில் குறைவு.

கவிஞர்கள் நின்று எண்ணவேண்டிய இடம் இதுவே. ‘மண்வாசனை’ இன்று வட்டார எழுத்துக்கு அடைமொழியாகித் தேய்ந்துவிட்டது. 1983-இல் திரைப்படப் பெயருமாயிற்று. அந்தத் தேய்வு கண்டு சலித்தோர் ‘பெட்ரிகோர்’ என்று எழுதுவதில் குற்றமில்லை. எச்சொல்லை எடுத்தாலும் அதனை மழை வந்துவிட்ட மகிழ்ச்சிக்கு முத்திரையாக்குவதே பிழை. மானாவாரி உழவனுக்கு மணம் வேறு, உழவு மழை வேறு. புழுதியை மட்டும் நனைத்து ஊரையே மணக்கச் செய்துவிட்டு மேகம் கலைந்துபோன மாலைகள் அவனுக்குப் பல உண்டு. ஆகவே அவன் மூக்கை நம்புவதில்லை. காட்டில் இறங்கி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறதென்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறான்.