நால்வர் இசையும் சிற்றவையும்



பத்தாண்டு நிறைவெய்தும் இந்நன்னாளில் மேலை இசைமேடை ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். மேலைச் செவ்விசை என்றதும் நூறு பேர் கூடி முழக்கும் பேரிசைக் குழுவும், அதன்முன் கோலேந்தி நிற்கும் நடத்துநரும் நம் நினைவுக்கு வருவர். அங்கே 'அறையிசை' என்னும் மற்றொரு மரபும் உண்டு. மூவரோ நால்வரோ அமர்ந்து வாசிப்பர். பெரும்பாலும் நடத்துநர் இரார். ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டே இசை நடக்கும். நம்மைப் போன்ற வட்டங்களுக்கு உறவு கொண்டாடத் தக்கது இவ்விசையே.

1940-இல் ஜெர்மானியப் படையிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்களுள் ஒலிவியே மெசியான் என்னும் இசையமைப்பாளரும் ஒருவர். கோர்லிட்ஸ் நகரை அடுத்த கைதி முகாமில் அவர் அடைக்கப்பட்டார். வயலின் வாசிப்பவர், செல்லோ வாசிப்பவர், கிளாரினெட் வாசிப்பவர் என மூவர் அங்கே உடனிருந்தனர். தொடக்கத்தில் பியானோ இல்லை. அம்மூவருக்கென்றே ஒரு சிறு பகுதியை எழுதினார். பின்னர்ப் பழைய பியானோ ஒன்று வந்தது. தம்மையும் சேர்த்து நால்வருக்கென எழுதினார். யாரார் இருந்தனரோ அவர்களே அப்படைப்பின் வடிவத்தை வகுத்தனர். 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' எனப் பெயர் பெற்ற அது, 1941 ஜனவரி 15 அன்று கடுங்குளிரில், முகாமின் கொட்டகை ஒன்றில் அரங்கேறியது. கைதிகளும் காவலரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர்.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. ஐயாயிரம் பேர் கேட்டனர் என்றும், செல்லோவில் மூன்றே தந்திகள் இருந்தன என்றும் மெசியான் பிற்காலத்தில் கூறினார். அதனை வாசித்த எத்தியேன் பஸ்கியேயோ நான்கு தந்திகளும் இருந்தன என்று உறுதிபட உரைத்தார். கேட்டோரும் சில நூற்றுவரே என்பது ஆய்ந்தோர் முடிவு. நம் அணியிலக்கணத்தார் உயர்வு நவிற்சி என்றும் தன்மை நவிற்சி என்றும் இரண்டு வகுத்தனர். ஐயாயிரம் என்பது முன்னது. சில நூறு என்பது பின்னது. இவற்றுள் நெஞ்சைத் தொடுவது எது? சிறைக்கூடத்தில் சில நூறு பேர் பசியோடு அமர்ந்து, ஏறத்தாழ ஐம்பது நிமிடம் புதியதோர் இசையைக் கேட்டனர் என்னும் உண்மைக்கு மேல் எவ்வணி வேண்டும்?

அந்நால்வரிசையில் எட்டுப் பகுதிகள். நால்வரும் சேர்ந்து வாசிப்பது நான்கில் மட்டுமே. மூன்றாம் பகுதியில் கிளாரினெட் தனித்து ஒலிக்கும். ஏனைய மூவரும் கைகட்டிக் கேட்டிருப்பர். ஐந்தாவதில் செல்லோவும் பியானோவும். எட்டாவதில் வயலினும் பியானோவும். ஆறாம் பகுதியில் நால்வரும் ஒரே மெட்டை ஒருங்கே வாசிப்பர். முறை வரும்வரை கேட்டிருந்தவர்க்கே அவ்வொருமை கைகூடும்.

பத்தாண்டு மலரில் 'அரங்கம் நிரம்பி வழிந்தது' என எழுதிவிடும் ஆசை நமக்கும் எழும். சில மாலைகளில் பாடியவர் ஒருவர், கேட்டவர் மூவர் என்பதை நாம் அறிவோம். அதனை அவ்வாறே எழுதுவோம். அந்த மூவர் கேட்டிருந்ததனால்தான் நான்காமவர் பாடினார். வட்டமும் இன்றுவரை நிலைத்தது.