ரசிகர் கூட்டம் யாருக்குச் சொந்தம்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜப்பான் படக்கதையைப் பற்றி இந்த மேடையில என்ன பேச்சு என்று இரண்டு மூன்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மங்கா என்றால் படக்கதை. அது அசைந்தால் அனிமே. கண்ணைப் பெரிசா வரைவான், சின்னப் பிள்ளைங்க பார்க்கிற சமாச்சாரம், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். ஆனால் அந்த நாட்டிலும் சேரி இருக்கு. அந்தச் சேரிக்காரனைக் கதாநாயகனாக்கி வந்த மங்காவும் இருக்கு. மங்கா ரசிகர்களின் கைத்தட்டலில் வளர்ந்த ஒரு ஆளுங்கட்சித் தலைவரும் இருக்கார். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நான் பேச வந்திருக்கேன்.

முதலில் சேரி. ஜப்பானில் சாமுராய்கள் ஆண்ட காலத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்தவும், தோல் பதனிடவும், கொலைக்களத்தில் வேலை செய்யவும் சில மக்களைப் பிறப்பாலேயே ஒதுக்கி வைத்தார்கள். எத்தா, ஹினின் என்று பேர் வைத்தார்கள். எத்தா என்று எழுதுகிற எழுத்துக்களுக்கு ‘அழுக்கு மிகுந்தவர்’ என்று அர்த்தம். ஹினின் என்றால் ‘மனிதரல்லாதவர்’. 1871இல் அரசாணை போட்டு இந்தப் பேர்களை ஒழித்தார்கள். பேர்தான் ஒழிந்தது. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோத்தோவில் இந்த மக்களே கூடி சுய்ஹெய்ஷா என்கிற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அவர்களுக்குப் புராக்குமின் என்று பேர். புராக்கு என்றால் வெறும் குடியிருப்பு என்றுதான் பொருள். ஆனால் சொல்கிற தொனியில் அது சேரி. முகம் ஒண்ணு, மொழி ஒண்ணு. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத்தான் அங்கே சாதியைக் கண்டுபிடிக்கிறான். இது நமக்குப் பழக்கமான கேள்விதானே!

1964இல் கட்சுயிச்சி நாகாய் என்பவர் ‘காரோ’ என்று ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்குகிறார். சன்பெய் ஷிராத்தோ என்கிற ஓவியரின் ‘கமுய் தென்’ என்ற நெடுங்கதையை வெளியிடவே அந்தப் பத்திரிகை என்று சொல்லலாம். ஷிராத்தோவின் அப்பா பாட்டாளிவர்க்கக் கலை இயக்கத்தில் இருந்த ஓவியர். மகன் வாடகைப் புத்தகக் கடைகளுக்குப் படக்கதை வரைந்து வயிறு வளர்த்தவர். கமுய் தென்னின் கமுய் ஒரு ஹினின் பையன். அவனோடு ஒரு குடியானவனும் ஒரு சாமுராயும் வருகிறார்கள். வரி கட்ட முடியாத குடியானவன் கலகம் செய்யப் போனால், ஆள்பவன் ஹினின்களை ஏவி அடிக்கிறான். ஹினின் தலைநிமிர்ந்தால் குடியானவனே அவனை மிதிக்கிறான். மேலே இருப்பவன் கை அழுக்காகாமல் கீழே இருக்கிறவங்களை மோதவிடுகிற வித்தையைப் பக்கம் பக்கமாக வரைந்து காட்டினார் ஷிராத்தோ. 1971 வரை அது தொடர்ந்தது. வீதியில் போலீசோடு மோதிய மாணவர்கள் இதைத் தேடித் தேடிப் படித்தார்கள். காரோ உச்சத்தில் இருந்தபோது சுமார் 80 ஆயிரம் பிரதிகள் போனதாகச் சொல்றாங்க. பிற்பாடு வரைகிறவங்களுக்குப் பணம் கொடுக்க முடியாத பத்திரிகையாகித் தட்டுத்தடுமாறி 2002 வரை வந்தது. சிறுபத்திரிகை நடத்துகிற நமக்கு அந்தக் கதையை விளக்கணுமா என்ன?

அந்த மாணவர் எழுச்சி அடங்கிய பிறகு ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு இடம் தேடினார்கள். 1975 டிசம்பர் 21ஆம் தேதி தோக்கியோவில் ஒரு கூட்ட அறை. 32 குழுக்கள், சுமார் 700 பேர். தாங்களே வரைந்து தாங்களே அச்சடித்ததைக் கொண்டுவந்து விற்றார்கள். இதுதான் கோமிக்கெட் சந்தை. இங்கே வாங்குகிறவன், விற்கிறவன் என்று பேதம் கிடையாது, எல்லோரும் பங்கேற்பாளர் என்பது அதன் கொள்கை. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கம்பெனியின் கையை எதிர்பார்க்காமல் சாதாரண ஆட்கள், அதிலும் ஏராளமான பெண்கள், தங்கள் கற்பனையைத் தாங்களே அச்சேற்றியது பெரிய விசயம்.

அதே 1975ஆம் வருசக் கடைசியில் இன்னொரு அச்சடித்த புத்தகமும் வெளிச்சத்துக்கு வந்தது. ஜப்பானில் எந்தெந்த ஊரில் புராக்கு இருக்கு, எத்தனை வீடு, என்ன தொழில் என்று தொகுத்த பட்டியல். அதை ரகசியமாகத் தபாலில் விற்றார்கள். வாங்கியது யார்? பெரிய பெரிய கம்பெனிகள். 200க்கும் மேல். வேலைக்கு மனுப் போட்டவன் சேரிக்காரனா என்று பார்த்துக் கழிக்கத்தான். ஒரே வருசத்தில், ஒரே நாட்டில் இந்த இரண்டு புத்தகங்களும். ரசிகன் தன் காசைப் போட்டுக் கனவை அச்சடிக்கிறான். முதலாளி காசைக் கொடுத்து சாதியை வாங்குகிறான்.

இன்றைக்கு அந்த ரசிகர் கூட்டம் என்ன அளவு தெரியுமா? 2019 டிசம்பரில் நான்கு நாள் கோமிக்கெட்டுக்கு வந்த எண்ணிக்கை 7 லட்சத்து 50 ஆயிரம். 2023இல் அனிமே சந்தையின் மதிப்பு 3.34 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்தப் பணம் எங்கே போகுது? ஒரு அனிமே எடுக்க பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி, விளம்பரக் கம்பெனி எல்லாம் சேர்ந்து ஒரு தயாரிப்புக் குழு அமைக்கிறார்கள். உரிமை பெரும்பாலும் அந்தக் குழுவுக்கு. படத்தைச் செய்து கொடுக்கிற கூடத்துக்குக் கூலி. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கோடு போடுகிற 20லிருந்து 24 வயதுப் பிள்ளையின் சராசரி வருச வருமானம் 15.5 லட்சம் யென் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அந்த வருசம் தோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,013 யென். முழு நேரம் வேலை செய்தால் வருசத்துக்கு 20 லட்சம் வரணும். கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

வியாபாரி கண்டுபிடித்த கூட்டத்தை அரசியல்வாதி விட்டுவைப்பானா? தாரோ அசோ. முன்னாள் பிரதமர் யோஷிதாவின் பேரன். குடும்பத்துக்கு நிலக்கரிச் சுரங்கம். யுத்த காலத்தில் கொரியர்களைக் கட்டாய உழைப்பில் வதைத்த சுரங்கம் அது. இவர் தன்னை மங்கா பித்தர் என்று சொல்லிக்கொண்டார். 2006இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது ரசிகர்களின் கடைவீதியான அகிஹபாராவுக்குப் போய்ப் பேசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. 2007இல் வெளியுறவு அமைச்சராக இருந்துகொண்டு சர்வதேச மங்கா விருது ஏற்படுத்தினார். அந்த செப்டம்பரில் பிரதமர் அபே விலகினதும், அடுத்தது அசோதான் என்ற பேச்சிலேயே மங்கா விற்கிற கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது. ரசிப்பு ஓட்டாச்சு, ஓட்டு பங்குச் சந்தையாச்சு. 2008 செப்டம்பரில் பிரதமரானார். மங்கா, அனிமேவுக்கு அரசாங்க மையம் கட்ட 1,170 கோடி யென் ஒதுக்கினார். ஜனங்கள் அதை ‘அரசாங்க மங்கா டீக்கடை’ என்று கேலி செய்தார்கள். அடுத்து வந்த ஆட்சி அதை ரத்து செய்தது.

இப்போ நொனாகாவிடம் வருவோம். ஹிரோமு நொனாகா. அதே ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். புராக்குவில் பிறந்தவர், அதை மறைக்காதவர். பிரதமராகலாம் என்று பேசப்பட்டவர். புராக்குக்காரனையா பிரதமராக்குவது என்ற பொருள்பட 2001இல் கட்சிக்காரர்கள் கூடின இடத்தில் அசோ பேசினதாகச் செய்தி. 2003இல் அரசியலைவிட்டு விலகுமுன் நொனாகா கட்சியின் பொதுக்குழுவில் எழுந்து, அசோ உட்கார்ந்திருக்கும்போதே, இதை மன்னிக்கவே மாட்டேன் என்று சொன்னார். தான் அப்படிப் பேசவில்லை என்று அசோ பிறகு மறுத்தார். 2004இல் இது புத்தகத்திலேயே வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருசம் கழித்துத்தான் அகிஹபாராவின் ஆர்ப்பரிப்பு. கமுய் என்ற ஹினின் பையனைப் பெற்ற அதே மங்காவின் பேரால் கூடின கூட்டம், தோழர்களே!

ரசிகன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் பயம் உண்மையானது. 2010இல் தோக்கியோ மாநகர அரசு மங்காவைக் கட்டுப்படுத்தச் சட்டத்தைத் திருத்தியபோது வரைகிறவர்களும் படிக்கிறவர்களும் எதிர்த்து நின்றார்கள். அந்தப் பயத்தையும் ஆளுங்கட்சி அறுவடை செய்தது. கருத்துச் சுதந்திரம் என்ற ஒரே முழக்கத்தோடு 2019இல் தாரோ யமாதா 5 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டு வாங்கினார். 2022இல் மங்கா ஓவியர் கென் அகாமட்சு 5 லட்சத்து 28 ஆயிரம் வாங்கினார். இரண்டு பேரும் அசோவின் கட்சிக்காரர்கள். படத்துக்குச் சுதந்திரம் கேட்ட கூட்டம், கோடு போடுகிற பிள்ளையின் கூலிக்கு இவ்வளவு ஓட்டைத் திரட்டிக் காட்டியதா? அந்தச் சுதந்திரத்தை வைத்துத்தான் 2005இல் கொரியர்களை வெறுக்கச் சொல்கிற மங்கா லட்சக்கணக்கில் விற்றது. புராக்கு விசயத்திலோ வேறு கதை. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பயன்படுத்தக்கூடாத சொற்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டன. சொல்லை எடுத்துட்டான், சாதியை எடுக்கல. எடுத்திருந்தால் 2016இல் புராக்கு பாகுபாட்டை ஒழிக்க என்று தனிச் சட்டம் எதற்கு?

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1988இல் புராக்கு விடுதலை இயக்கத்தின் முயற்சியில் பாகுபாடுகளுக்கு எதிரான சர்வதேச அமைப்பு உருவானது. 2000இல் ஐ.நா.வின் மனித உரிமைத் துணைக்குழு ‘தொழில், பிறப்பு அடிப்படையிலான பாகுபாடு’ என்று தீர்மானம் போட்டது. மறு வருசம் டர்பன் மாநாட்டில் அவர்களும் நாமும் ஒரே கோரிக்கையோடு நின்றோம். நம்ம பிள்ளைங்க கைப்பேசியில் பார்க்கிற அனிமேவின் நாட்டில் நமக்குச் சொந்தக்காரன் இருக்கான். அது அவங்களுக்குத் தெரியணும்.

பார்க்காதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அனுபவிக்கிற உரிமையைத்தானே காலங்காலமா நம்மகிட்டேயிருந்து பறிச்சாங்க! பாருங்க, படிங்க, கைத்தட்டுங்க. ஆனால் நாலு பேர் ஒரு கதையைக் காதலித்துக் கூடினாலே, ஒருத்தன் ஓரமாக நின்று தலை எண்ணுகிறான். காசாகவோ ஓட்டாகவோ. அவன் எண்ணி முடிப்பதற்குள் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒருத்தர் எழுந்து கேட்கணும்: இந்தப் படத்தை வரைஞ்சவனுக்குக் கூலி என்ன, இந்த மேடையில ஏறினவன் நொனாகாவுக்கு என்ன பதில் சொன்னான்? ஷிராத்தோ 2021இல் இறந்துபோனார். கமுய் இன்னும் புத்தகமாகக் கிடைக்கிறான். அவனிலிருந்து தொடங்குங்க.