மறைந்த கடையும் மாறிய பலகையும்

(கடலூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறைந்த மன்னர்களைப் பற்றிப் பேசுவோர் உண்டு. இடிந்த கோட்டைகளைப் பற்றி ஏடு ஏடாக எழுதுவோரும் உண்டு. நான் இன்று மறைந்துபோன கள்ளுக்கடைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்! சிரித்து முடித்தபின் ஒன்று கேட்கிறேன்: மறைந்தது கடையா, கடையின் பெயரா?

கடலூருக்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. பெண்ணை என்றால் பனை. தெற்கே சிதம்பரம், அதன் பழம்பெயர் தில்லை. தில்லையும் ஒரு மரமே. அந்த மரத்தைக் காண இன்று பிச்சாவரத்து உப்பங்கழிக்குப் படகேற வேண்டும். ஆறும் ஊரும் மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் வட்டாரம் இது. மரத்தின்மேல் ஏறிப் பிழைத்தவன் பெயரைத்தான் எங்கும் காணோம்!

அந்நாளில் ஒளிவு மறைவு இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் கடைக்கும் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. அதே தமிழில் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். விற்றவன் கொடி கட்டி விற்றான்; வேண்டாம் என்றவர் குறள் எழுதி வேண்டாம் என்றார். இருவருமே கள்ளைக் கள் என்றுதான் அழைத்தனர்.

பிறகு வந்தான் வெள்ளையன். 1690-ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினான். பீரங்கியைச் சுட்டான்; குண்டு விழுந்த தொலைவுவரை தன் நிலம் என்றான். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அதனால் வந்தது. குண்டால் நிலத்தை அளந்தவனின் வழிவந்த ஆட்சி, பின்னாளில் கள்ளை மரத்தால் அளந்தது. 1886-இல் சென்னை மாகாணத்துக்கு ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம்!

அந்த மரத்தில் ஏறியவனைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள், தோளில் கலயம். விடியுமுன் ஒரு முறை ஏறவேண்டும், பொழுது சாய ஒரு முறை ஏறவேண்டும். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் சுரப்பு நின்றுவிடும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது, திருவிழா ஏது? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது ஐயா, சட்டத்துக்கு உட்பட்டவனும் குற்றவாளியும் பிரியும் எல்லை!

அவன் அங்கே ஏறிக்கொண்டிருக்க, இங்கே நெல்லிக்குப்பத்தில் என்ன நடந்தது? 1842-இல் தோன்றிய பாரி ஆலையில் சர்க்கரையோடு சாராயமும் வடித்தனர். 1897-இல் அமைந்த கம்பெனியின் பெயர், 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் பாக்டரீஸ்.' வடிசாலை முன்னே, சர்க்கரை பின்னே! இன்று ஈ.ஐ.டி. என்ற மூன்றெழுத்தைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், மூன்றாம் எழுத்து வடிசாலை என்று?

மதுவை ஒழிக்க உண்மையாகவே துடித்தவர்கள் இருந்தனர். 1921-இல் பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். தம் சொத்தைச் சாய்த்துவிட்டுப் பிறருக்குச் சொன்னார். 1937-இல் ஆச்சாரியார் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு போயிற்று, வரி போகவில்லை! 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதும் விலக்கு. ஆனால் கடலூருக்கு அப்பால் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அங்கே விலக்கும் இல்லை, விலங்கும் இல்லை. ஆற்றுக்கு இப்பால் காந்தியின் பெயரால் கடையடைப்பு. கன்னியக்கோயில் பக்கம் போனால் கடை திறப்பு! ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி எத்தனை மடியைத் தடவிப் பார்த்திருக்கும்!

1971-இல் திறந்தார்கள், 1974-க்குள் மூடினார்கள், 1981-இல் மீண்டும் திறந்தார்கள். இந்த ஆண்டுகளை ஒப்பித்தால் இரயில்வே அட்டவணை போல் இருக்கும், விடுவோம். கொடி பார்த்துக் குறை சொல்ல நான் வரவில்லை. திறந்த கையும் மூடிய கையும் எல்லா நிறத்திலும் உண்டு.

ஆனால் மூன்று ஆண்டுகளை மட்டும் மறவாதீர்கள். 1983-இல் ஒரு நிறுவனம் பிறந்தது. அதன் பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். அந்தப் பெயரில் மது என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது! 1987-இல் கள்ளுக்கு முற்றாகத் தடை. 2003-இல் சில்லறைக் கடைகளும் அந்த வாணிபக் கழகத்தின் கைக்கே வந்தன. தோப்புக் கடை என்றும் மேட்டுக் கடை என்றும் ஊர் வைத்த பெயர்கள் போயின. கடைக்கு எண் வந்தது.

எண் போட்ட கடையில் விற்பது என்ன? 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மது'! உள்ளூரில் பிறந்த அயல்நாட்டுப் பிள்ளை! பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம்தான் அதற்கு மூலம். பழைய சாராயம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மரத்துக் கள்ளுக்குத்தான் மாற்றுச் சட்டை கிடைக்கவில்லை. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொல்லி 2016-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோது என்ன செய்தார்கள்? கடையை நகர்த்துவதற்குப் பதில் சாலையின் பெயரையே மாற்றப் பார்த்தார்கள்! நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலை ஆக்கும் முயற்சி பல மாநிலங்களில் நடந்தது, இங்கும் நடந்தது.

இதுவரை சிரித்தோம். இனிச் சொல்வது சிரிப்பதற்கு அல்ல. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி. இரண்டும் பழைய தென்னார்க்காட்டு மண், நம் மண். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்! குடித்தவர்கள் உழைத்துக் களைத்த ஏழைகள். அவர்கள் கையில் கிடைத்தது சாராயம் அல்ல தோழர்களே, மெத்தனால் என்னும் ஆலை நஞ்சு. கடையோடு ஒழிந்துவிட்டதாக நாம் எண்ணிய சாராயத்தின் பெயரை, அந்த நஞ்சு எடுத்துச் சூட்டிக்கொண்டு குடிசைக்குள் நுழைந்தது.

ஆகவே கள்ளுக்கடையைத் திற என்று கேட்கிறேனா? இல்லை. குடியால் கெட்ட குடும்பத்துத் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்; அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிப் பேச எனக்கு நாவெழாது. நான் கேட்பது கணக்கு. புட்டி விற்ற கடைக்கு மாற்றுப் பலகை தந்தோம். மரத்திலிருந்து இறக்கப்பட்டவனுக்கு என்ன தந்தோம்? கோடையில் நுங்கும் பதனீரும் விற்கிறான். மற்றை மாதங்களில் என்ன செய்கிறான் என்று எந்த மேடையாவது கேட்டதுண்டா?

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் நிற்கும் பனை எத்தனை, இன்னும் ஏறுகிறவர் எத்தனை பேர், அவர்களுடைய வயது என்ன, அவர்கள் பிள்ளைகள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை மதுவிலக்கைப் பற்றிப் பேச என்னை அழைக்கும்போது, மாலையை விடுத்து அந்தக் குறிப்பேட்டைக் கொடுங்கள்.