மெருகுக்கு முன் தூய்மை

நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த பன்வில, தேயிலைத் தோட்டங்களும் மழையும் நிறைந்த ஊர். அங்கு மரநிழலில் நிற்கும் கார்மீது மரப்பிசின் சொட்டுகிறது. இறக்கங்களில் பிரேக் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளும் வர்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், உள்ள வண்டியைப் பேணுவதே பலருக்கு வழியாயிற்று. ஆயினும், கழுவிய கையோடு காப்புப் பூச்சைத் தடவிவிடுவோர் உளர். அஃது அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

முதலில், தகடு குளிர்ந்தபின், நிழலில் வைத்து வாகனச் சவர்க்கார நீரால் கழுவுதல் வேண்டும். பின்னர் விரல்நுனியால் தடவிப் பார்க்கையில் சொரசொரப்புத் தென்பட்டால், வழுக்கும் திரவத்தைத் தெளித்து, வாகனக் களிக்கட்டியால் மெல்லத் தேய்த்தெடுக்கலாம். தரையில் விழுந்த களியை மீண்டும் பயன்படுத்தலாகாது. அதிற் பதிந்த மணல் வர்ணத்தைக் கீறிவிடும்.

எஞ்சிய நுண்கீறல்களை மெருகு நீக்கும். ஆனால் ஒவ்வொரு மெருகும் மேற்பூச்சைச் சிறிது தேய்க்கிறது. அப்பூச்சோ தலைமயிரினும் மெல்லியது. அளவறிந்து தேய்த்தலே நன்று. மெருகின் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுத்த பின்னரே காப்புப் பூச்சு வர்ணத்தை உறுதியாகப் பற்றும்.

பூச்சுக்குச் செலவிடும் பணத்தினும், அதற்கு முன் செலவிடும் பொழுதே வண்டியை நெடுநாள் காக்கும்.